மோதிரம் கண்டெடுத்தவனின் வேடம்

அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்திற்குத் தெற்கே ஊரூர்க் குப்பமும் ஒல்காட் குப்பமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டையும் இணைத்து ஊரூர் ஒல்காட் குப்பம் என்றே இன்று வழங்குவர். கிழக்கே கடல்; வடமேற்கே பிரம்மஞான சபையின் அடர்ந்த தோப்பு; தெற்கே பெசன்ட் நகரைக் கடந்து சென்றால் திருவான்மியூரில் கலாக்ஷேத்திரம். பிரம்மஞான சபை 1882ஆம் ஆண்டில் தன் தலைமையிடத்தை அடையாற்றங்கரையில் நிறுவியது. அதன் தலைவராயிருந்த கர்னல் ஒல்காட், 1894இல் இப்பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயர் இன்றும் குப்பத்தின் பெயரில் நிலைபெற்றிருக்கிறது. கட்டுமரமும் வலையுமாக வாழ்ந்த ஒரு கடற்கரை ஊரும், நாட்டியத்தையும் நாட்டிய நாடகத்தையும் உலகறியச் செய்த ஒரு கலைக்கழகமும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. எனினும் அவற்றிடையே இருந்த தொலைவைக் கற்களால் அளக்க இயலாது.

இத்தொலைவை எண்ணும்போது காளிதாசனின் சாகுந்தலம் நினைவுக்கு வருதல் இயல்பே. அந்நாடகத்தின் ஆறாம் அங்கத் தொடக்கத்தில் ஒரு மீனவன் வருகிறான். கயல் ஒன்றை அறுத்தபோது அதன் வயிற்றில் அரசனின் கணையாழி கிடைக்கிறது. அதனை விற்கச் சென்றவனைக் காவலர் கள்வன் எனப் பிணித்து இழுத்து வருகின்றனர். அவன் தொழிலை எள்ளுகின்றனர். அவன் மேனியில் வீசும் புலால் நாற்றத்தைப் பழிக்கின்றனர். பிறந்த குலத்துக்குரிய தொழிலை இழித்துரைத்தல் ஆகாது என்று அவன் மறுமொழி கூறுகிறான். கணையாழியைக் கண்ட அரசனுக்கு மறந்த மனைவியின் நினைவு மீள்கிறது. அம்மீனவன் வாராதிருந்தால் துஷ்யந்தன் சகுந்தலையை நினைப்பதும் இல்லை; நாடகம் நிறைவுறுவதும் இல்லை. ஆயினும் அவனுக்குக் காவியத்தில் பெயர் இல்லை. ஒரு சிறு காட்சியோடு பரிசிலைப் பெற்றுக் காவலரோடு கள்ளுக்கடைக்குச் சென்று மறைகிறான்.

பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் பூண்ட சுவாமி வேதாசலம் 1907இல் இந்நாடகத்தைத் தமிழாக்கி வெளியிட்டார். தமிழ் மேடையிலும் சாகுந்தலம் பல வடிவங்களில் நடிக்கப்பெற்றது. அம்மேடைகளில் மீனவன் வேடம் பூண்டவர் எவர்? மீனவர் குடியிற் பிறந்த இளைஞன் ஒருவன் துஷ்யந்தன் வேடம் வேண்டி வந்து நின்றிருப்பானாயின் அவனுக்குக் கிடைத்த விடை யாதாக இருந்திருக்கும்? நாடகத்திற்கு நடிகரைத் தெரிந்தெடுத்த முறையின் வரலாற்றை இவ்வினாக்களோடு நோக்குதல் தகும். ஏனெனில் தேர்வு எப்போதும் இரண்டு அளவுகோல்களைக் கைக்கொண்டிருந்தது. ஒன்று வெளிப்படையானது, குரல், மெய்ப்பாடு, நினைவாற்றல் ஆகியவற்றை அளப்பது. மற்றொன்று சொல்லப்படாதது, பிறப்பு, பால், சமூக நிலை ஆகியவற்றை அளப்பது.

நூல்கள் வகுத்த தேர்வு

அரங்கேறுவோர்க்கு உரிய தகுதியைத் தமிழில் விரிவாகக் கூறும் தொன்மையான பகுதி சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆகும். மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் அவையில் ஏறினாள். ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றில் ஒன்றும் குறைவுபடாமை அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது. அவளுக்கு மட்டுமன்றி ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் வகுக்கிறார் இளங்கோவடிகள். அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என அளவும் தருகிறார். தேர்வில் வென்ற மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கிடைத்தன. இவ்வளவு நுட்பமான கலைத்தேர்வு பழந்தமிழகத்தில் நிகழ்ந்தமை பெருமைக்குரியது. ஆனால் மாதவி, வானவர் உலகின் உருப்பசி வழிவந்த கணிகையர் மரபினள் என்பதையும் அக்காதை மறவாமல் கூறுகிறது. ஏழாண்டுப் பயிற்சிக்கு முன்பே, பிறப்பால் அவளுக்கு அவ்வரங்கின் வாயில் திறந்திருந்தது. அப்பிறப்பே இல்லறத்தின் வாயிலை அவளுக்கு அடைத்துவிட்டது என்பதைக் காப்பியத்தின் பிற்பகுதி உணர்த்தும்.

வடமொழி நாட்டிய சாத்திரம் வேடப்பங்கீட்டைத் தனியே ஆராய்கிறது. நடிப்பவரின் பாலுக்கும் அகவைக்கும் பொருந்தும் வேடம் ஒரு வகை. சிறுவன் முதியவனாகவும் முதியவன் சிறுவனாகவும் வரும் பொருந்தா வேடம் இரண்டாம் வகை. ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வருதல் மூன்றாம் வகை. உடலமைப்பு, நடை, குரல் ஆகியவற்றை நோக்கி எவருக்கு எவ்வேடம் எனத் தெரிதல் ஆசிரியன் கடமை என்பது அந்நூலின் கருத்து. இலக்கணம் இவ்வாறு நெகிழ்ச்சியோடு இருந்தது. வழக்கமே இறுகிப்போயிற்று.

தேர்வின் உள்ளரசியலைக் காளிதாசனே நகையோடு காட்டியுள்ளான். அவனுடைய மாளவிகாக்னிமித்திரத்தில் கணதாசன், அரதத்தன் என்னும் நாட்டிய ஆசிரியர் இருவர் தம்முள் எவர் பெரியர் என வாதிடுகின்றனர். மாணவியரை ஆடச் செய்து தீர்ப்பது என முடிவாகிறது. துறவறம் பூண்ட மூதாட்டி நடுவராக அமர்கிறாள். மாளவிகை ஆடுகிறாள், கணதாசனுக்கு வெற்றி கிட்டுகிறது. அவையினர் கண்டது கலைத்தேர்வு. அரசியின் கண்காணிப்பால் மறைக்கப்பட்டிருந்த மாளவிகையை அரசன் காணும்படி விதூடகன் செய்த சூழ்ச்சியே அதன் உண்மை. நடுவர், விதி, தீர்ப்பு யாவும் இருந்தும் ஒரு தேர்வு வேறொரு நோக்கத்திற்குக் கருவியாகலாம் என்பதை அக்கவிஞன் அன்றே அறிந்திருந்தான்.

குரலும் மகரக்கட்டும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவர் செவிக்கும் பாட்டு எட்டவேண்டும். ஆகவே தொழில்முறைக் குழுக்களின் தேர்வு பெரும்பாலும் குரல் தேர்வாகவே இருந்தது. ஆர்மோனியத்தோடு சிறுவனைப் பாடச்செய்து, எத்தனை கட்டைச் சுருதியில் அவன் குரல் நிற்கிறது என்று வாத்தியார் நோக்குவார். பாடம் சொல்லிக்கொடுத்தால் நினைவில் நிற்கிறதா என்பது அடுத்த சோதனை. முகவெட்டும் கண்ணும் அதற்குப் பின்னரே கருதப்பட்டன. இவற்றில் தேறியவனே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்னும் வரிசையில் ஓர் இடம் பெறுவான்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர் குழுக்களைப் பயிற்றுவித்தமைக்குக் காரணம் உண்டு. தேர்ந்த நடிகர்கள் எழுதிய பாடத்தை மீறி மேடையில் தம் விருப்பம்போல் பேசியும் பாடியும் வந்தனர். சிறுவரோ சொல்லிய பாடத்தைச் சொல்லியவாறே ஒப்பித்தனர். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சுவாமிகள் ஆசிரியராக அமர்ந்தபோது, பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற சிறுவர்கள் அங்கே சேர்ந்தனர். அவர்களின் தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையும் பெண்வேடத்தில் பெயர்பெற்ற நடிகரே. அச்சகோதரருள் ஒருவரான டி.கே. சண்முகத்தின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அவருக்கெனவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஓரிரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. வழக்கமாக நாடகத்திற்கு நடிகனைத் தேடுவர். இங்கே நடிகனுக்கு நாடகம் தேடி வந்தது. தேர்வு என்பது தள்ளுவதற்கு மட்டுமன்று, படைப்பதற்கும் உரியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அச்சிறுவர்களின் வாழ்வில் இரண்டாம் தேர்வு ஒன்று காத்திருந்தது. அதனை நாடகத் தொழிலார் மகரக்கட்டு என்பர். பருவம் மாறும்போது குரல் உடைவதே அது. நேற்றுவரை சீதையாகவும் வள்ளியாகவும் நின்று கைதட்டல் பெற்றவன் ஒருநாள் காலையில் பாட வாய்திறந்தால் குரல் பிளக்கும். தேறியவர் ஆண்வேடத்திற்கு மாறினர். பலர் திரைக்குப் பின்னே ஆடை மடிக்கும் பணிக்கோ, ஊர்திரும்பும் வழிக்கோ சென்றனர். சிவாஜி கணேசன் சிறுவனாகக் குழுவில் சேர்ந்து முதலில் சீதை வேடம் பூண்டவர். அவ்வாறு வேடம் பூண்டு, குரல் உடைந்தபின் பெயரற்றுப் போன சிறுவர்களின் கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை.

இச்சிறுவர்கள் பெரும்பாலும் வறிய குடும்பத்தினர். பசியே அவர்களை வாயிலுக்கு அழைத்து வந்தது. ரயிலில் பாடிய சிறுமியின் குரல் கேட்டு நாடகக் குழுவினர் அவளைச் சேர்த்துக்கொண்டனர் என்றே கே.பி. சுந்தராம்பாளின் வரலாற்றை எழுதுவோர் தொடங்குவர். தொழில்முறை மேடை பலவகையிலும் கடுமையானது. ஆனால் குரல் உடையவனிடம், உடையவளிடம், நீ யார் வீட்டுப் பிள்ளை என்ற வினாவை அது குறைவாகவே எழுப்பிற்று. கும்பகோணத்துப் பாலாமணி அம்மையார் பெண்களை மட்டுமே கொண்டு குழு நடத்தி, ஆண்வேடங்களையும் பெண்களுக்கே அளித்ததும் இம்மேடையில்தான் நிகழ்ந்தது. இதற்கு அவர்கள் செலுத்திய விலை ஒன்றுண்டு. கூத்தாடி என்னும் சொல் சமூகத்தில் வசையாயிற்று.

கற்றோர் சபை

அவ்வசையை நீக்க முற்பட்டவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாசார்லு தம் குழுவுடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். வழக்கறிஞரான அவரும் கற்றறிந்த அவர்தம் நண்பர்களும் வேடம் புனைந்து நின்றதைக் கண்ட சம்பந்தனார்க்கு நாடகத்தின் மீதிருந்த வெறுப்பு மாறிற்று. அவ்வாண்டே ஜூலை முதல் நாள் நண்பர்கள் கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். அப்போது அவருக்கு அகவை பதினெட்டு. வயிற்றுப் பாட்டிற்காக அன்றிக் கலைக்காகவே நடிக்கும் குழுக்கள் தமிழ்நாட்டில் பெருகுவதற்கு அச்சபையே முன்னோடி. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அமலாதித்யன் ஆகவும், வெனிஸ் நகர வணிகன் வாணிபுர வணிகன் ஆகவும் அவர் கையில் தமிழ்க்கோலம் பூண்டன. வடமொழியின் இரத்னாவளியும் மாளவிகாக்னிமித்திரமும் தமிழில் வந்தன. விடியவிடிய நிகழ்ந்த நாடகம் சில மணிப்பொழுதாகச் சுருங்கிற்று. பாட்டு குறைந்து உரையாடல் ஓங்கிற்று.

பாட்டு குறைந்தவுடன் தேர்வின் அளவுகோலும் மாறிற்று என்பது ஈண்டு உற்று நோக்கத்தக்கது. உரத்த குரலினும் திருந்திய உச்சரிப்பு, பாத்திரத்தை உணர்ந்து பேசும் திறன், ஒத்திகைக்குத் தவறாது வரும் ஒழுக்கம் ஆகியவை முதன்மை பெற்றன. சபையின் உறுப்பினரிடையே எவருக்கு எது பொருந்தும் என எண்ணி, அதற்கேற்பவே சம்பந்தனார் பாத்திரங்களை எழுதினார். நாயகி வேடங்களில் அவருக்கு இணையாக நடித்தவர் வழக்கறிஞர் ரங்கவடிவேலு. 1923இல் அவர் மறைந்ததை ஈடு செய்யவியலாத இழப்பாகவே சம்பந்தனார் கருதினார். எஸ். சத்தியமூர்த்தியும் ஆர்.கே. சண்முகஞ் செட்டியாரும் அச்சபை மேடையில் வேடம் பூண்டவர்கள். சம்பந்தனாரே பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். நாடக மேடை நினைவுகள் என்னும் தலைப்பில் அவர் எழுதிய நூலில், தம் குறைகளையும் மறைக்காது கூறியிருப்பதைக் காணலாம்.

நாடகத்திற்கு மதிப்பைத் தேடித்தந்தமை இச்சபையின் மாபெரும் தொண்டு. அம்மதிப்பு எவ்வழியே வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேடம் புனைந்தவர் வழக்கறிஞர், அலுவலர், பட்டதாரி என்பதனாலேயே மேடை மதிப்புப் பெற்றது. அதனால் சந்தா செலுத்தி உறுப்பினராதல், ஆங்கிலக் கல்வி, மாலைப் பொழுதில் ஓய்வு ஆகிய மூன்றும் எழுதப்படாத தேர்வு விதிகள் ஆயின. குரல் ஒன்றையே முதலாகக் கொண்டு வந்தவனுக்குத் திறந்திருந்த வாயிலைவிட இவ்வாயில் குறுகியது. பெண்களுக்கோ அது நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. கூத்தாடி என்ற இழிசொல் சபையாரைத் தீண்டவில்லை. ஆனால் கூத்தாடியைவிட்டு அது நீங்கவும் இல்லை.

சபையார் போற்றிய ஷேக்ஸ்பியரே இந்நிலையை வேறொரு கோணத்தில் எழுதிவைத்துள்ளார் என்பது சுவையான முரண். அவருடைய நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தில் ஏதென்சு நகரத் தச்சன் ஒருவன் தன்னையொத்த தொழிலாளரைக் கூட்டி வேடம் பங்கிடுகிறான். நெசவாளியான பாட்டம் எல்லா வேடமும் தனக்கே வேண்டும் என்கிறான். துருத்தி செப்பனிடுபவனுக்குப் பெண்வேடம் வாய்க்கிறது. தனக்குத் தாடி முளைக்கிறதே என்று அவன் தயங்குகிறான். நம் கொட்டகைச் சிறுவர்களின் மகரக்கட்டுத் துயரம் அங்கே நகைச்சுவையாக நிற்கிறது. பாடம் மனத்தில் ஏறாதவனுக்குச் சிங்க வேடம் கிடைக்கிறது, கர்ச்சித்தால் போதும். அத்தொழிலாளர் அரண்மனையில் நடிக்கும்போது அவையினர் எள்ளி நகைக்கின்றனர். ஆனால் தெரிந்தெடுக்கும் உரிமை அங்கே தொழிலாளர் கையில் இருந்தது. தமக்குள் கூடி, தமக்குள் பங்கிட்டு, தம் நாடகத்தைத் தாமே செய்தனர். பிறர் நாடகத்தில் ஒரு காட்சிக்கு அழைக்கப்பட்டவர்கள் அல்லர் அவர்கள்.

அடையாற்றங்கரை

ஏறத்தாழ இதே காலத்தில் அடையாற்றங்கரையில் வேறொரு வாயில் திறக்கலாயிற்று. ருக்மிணி தேவி (1904–1986) மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் நாட்டியம் பயின்று, 1935இல் பிரம்மஞான சபை வளாகத்தில் அவையோர் முன் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. நாட்டியத்தைக் கண்டு நாணிய குடும்பங்களின் பெண்கள் மேடையேறினர். அவ்வகையில் அது ஒரு விடுதலையே. ஆனால் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மரபினர், 1947ஆம் ஆண்டுத் தேவதாசி ஒழிப்புச் சட்டத்திற்கு முன்னும் பின்னும், மேடையிலிருந்து மெல்ல மறைந்தனர். ஒரு சாரார் முன் திறந்த கதவு மற்றொரு சாரார் முதுகிற்குப் பின் மூடிக்கொண்டது.

1944இல் கலாக்ஷேத்திரம் அரங்கேற்றிய குற்றாலக் குறவஞ்சி தமிழ் நாட்டிய நாடக வரலாற்றில் ஒரு மைல்கல். வீணை கிருஷ்ணமாச்சாரியாரின் இசையமைப்பில் திரிகூடராசப்பக் கவிராயரின் தமிழ் புதுப்பொலிவு பெற்றது. குறவஞ்சியின் அழகு யாதெனில், தலைவியின் காதலைத் தாங்கிய நாடகம் பாதியில் குறத்தியின் கைக்கு மாறிவிடுவதே. மலைவளம் பாடுபவளும் குறி சொல்பவளும் அவளே. சாகுந்தலத்து மீனவனைப் போலன்றி, இங்கே எளிய குடியைச் சார்ந்தவள் நாடகத்தையே ஆள்கிறாள். எனினும் மேடையிலேறிய குறத்தி ஒரு பாத்திரம் மட்டுமே. நெய்தல் திணைப் பாடல்களில் பரதவரும், பள்ளு நூல்களில் பள்ளரும், குறவஞ்சியில் குறவரும் தமிழ் இலக்கியத்தில் நிறைந்திருக்கின்றனர். அவர்களைப் பாடியவர்களும் பாடியதை நடித்தவர்களும் பெரும்பாலும் பிறரே.

குப்பத்து மேடை

நகரத்துச் சபைகளுக்குப் புறத்தே தெருக்கூத்து தன் வழியில் நடந்து வந்தது. அங்கே தேர்வு ஒருநாள் நிகழ்ச்சி அன்று. கூத்து வாத்தியாருடன் ஊர் ஊராகச் செல்லும் சிறுவன், பின்பாட்டுப் பாடியும் சிறு வேடம் கட்டியும் ஆண்டுகள் பலவற்றைக் கழித்த பின்னரே கட்டை வேடம் தாங்குவான். தோளிலும் தலையிலும் மரக் கட்டைகளைச் சுமந்து இரவு முழுதும் ஆடிப்பாட உடல் பழகவேண்டும். ஊராரே அவனுக்கு நடுவர். அம்மேடையும் பெண்களுக்கு மூடியே இருந்தது. பெருங்கட்டூர் பி. ராஜகோபால், ஹன்னே டி புருயின் ஆகியோர் முயற்சியால் 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்துத் தொடங்கப்பெற்ற கட்டைக்கூத்துக் குருகுலம், சிறுவர்களோடு சிறுமியரையும் சேர்த்துப் பயிற்றிய பின்னரே அங்குப் பெண் குரல் ஒலித்தது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்குப் பயின்றவர்கள் கூத்தாடுவதை அது நிறுத்திவிடவில்லை. வாயிலை அகலப்படுத்த விரும்புவோர், தேர்வு நாளன்று அன்றி அதற்குப் பல ஆண்டுகட்கு முன்பே தொடங்கவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

2015ஆம் ஆண்டில் இசைவாணர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோரும் குப்பத்து மக்களும் இணைந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினர். மார்கழிக் கச்சேரிகள் நிகழும் மன்றங்களிலிருந்து கர்நாடக இசையும் பரதமும் கடற்கரைக்கு வந்தன. பறையும் வில்லுப்பாட்டும் கூத்தும் அதே மேடையில் நின்றன. குப்பத்துப் பிள்ளைகளும் மேடையேறினர். நுழைவுச் சீட்டு இல்லை. முன்வரிசை எவர்க்கும் ஒதுக்கப்படவில்லை. பின்னர் இவ்விழா சென்னைக் கலைத் தெரு விழா எனப் பெயர் மாறிற்று. இதனைக் குறைகூறியோரும் உண்டு. மீனவர்க்குச் செவ்விசை எதற்கு என வினவினர் சிலர். கலையைச் சுமந்து வந்து கொடுக்கும் பெருந்தன்மையே இதில் தொனிக்கிறது என்றனர் வேறு சிலர். இரண்டாம் வினா புறந்தள்ளத்தக்கது அன்று. ஒரு மாலைப் பொழுதுக்கு மேடை தருதல் வேறு. ஆண்டு முழுதும் பயிற்சிக்கூடத்தின் கதவைத் திறந்துவைத்தல் வேறு. எனினும் அவ்விழா ஒன்றைச் செய்தது. நடுவராக அமர்ந்து பழகியவர்கள் குப்பத்து மணலில் விருந்தினராக அமர்ந்தனர். விருந்தினராகவும் அழைக்கப்படாதிருந்தவர்கள் விழா நடத்துவோர் ஆயினர்.

இன்று ஊர்தோறும் இலக்கிய அமைப்புகள் ஆண்டு விழாக்களில் செவ்வியல் நாடகங்களை மேடையேற்றுகின்றன. நடிகரைத் தெரியும் பணியைப் பெரும்பாலும் கவிஞர்களும் புலவர்களுமே ஏற்கின்றனர். பாடத்தைப் படிக்கச் செய்வர், குரலைக் கேட்பர், லகர ழகர வேறுபாட்டை நோக்குவர். இவையாவும் வேண்டுவனவே. சுருதி சேராதவனைப் பாட நிறுத்துதல் நாடகத்திற்குச் செய்யும் தீங்கு. ஆனால் கடற்கரை மக்களின் பேச்சொலியோடு ஓர் இளைஞன் வந்து நின்றால், அவனுக்கு மீனவன் வேடமே பொருந்தும் என்று தேர்வாளர் உள்ளம் சொல்லும் அக்கணத்தில் இரண்டாம் அளவுகோல் வேலைசெய்யத் தொடங்கிவிடுகிறது. ஒலியைத் திருத்த ஒரு மாதப் பயிற்சி போதும். துஷ்யந்தன் அரண்மனையில் பிறந்தவன் என்பதால் அவ்வேடம் பூணுபவனும் அரண்மனையில் பிறந்திருக்க வேண்டுவதில்லை. வழக்கறிஞர் ஒருவர் நாயகியாக நின்று கண்ணீர் வரவழைத்த மேடை நம் மேடை. பால் வேறுபாட்டையே கடந்த வேடப்புனைவு, பிறப்பு வேறுபாட்டைக் கடப்பதற்குத் தயங்குதல் முறையன்று.

மோதிரத்தைக் கண்டெடுத்தவன் அதனை அரசனிடம் சேர்த்துவிட்டு மேடையைவிட்டு நீங்கினான். காளிதாசன் அவனைத் திரும்ப அழைக்கவில்லை. அவனை அழைப்பது இனி நாடகம் நடத்துவோர் கையில் உள்ளது. அழைக்கும்போது முழுப் பாடத்தையும் அவன் கையில் கொடுத்து, விரும்பும் பக்கத்தைப் படிக்கச் சொல்லுதல் வேண்டும்.